குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள்

புல்வெளிகளையும் ஈரநிலங்களையும் பராமரிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஆள்காட்டிப் பறவையின் கூட்டை நீங்கள் பார்த்திருக்கலாம், தெரியாமல் தாண்டியும் போயிருக்கலாம். தரையில் ஒரு சிறு குழி, அதில் பெரும்பாலும் 4 முட்டைகள். மண்ணின் நிறம், மண்ணின் புள்ளிகள். நரியின் கண்ணை அந்த நிறம் ஏமாற்றும். டிராக்டர் சக்கரத்துக்கு அது தெரியுமா?

அடைகாப்பு ஏறத்தாழ 4 வாரம். முட்டை பொரிந்ததுமே எல்லாம் முடிந்தது என்று புல் அறுக்க ஆள் அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு மனம் பொறுக்காதது இதுதான். குஞ்சுகள் பொரிந்த சில மணி நேரத்தில் நடக்கும், தாமே இரை பொறுக்கும். ஆனால் பறக்க இன்னும் 5 வாரமாவது ஆகும். தாய்ப்பறவை எச்சரித்ததும் சின்னக் குஞ்சுகள் ஓடாது. இருந்த இடத்திலேயே தரையோடு பதுங்கிவிடும். அறுப்பு இயந்திரம் வரும்போதும் அப்படித்தான் பதுங்கிக் கிடக்கும்.

கடைசிக் குஞ்சு பறக்கும்வரை அறுப்பைத் தள்ளிப்போடுங்கள். முடியவே முடியாது என்றால், நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக மெதுவாக அறுக்கச் சொல்லுங்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தால், ஓடத் தெரிந்த குஞ்சும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் தண்ணீர். நெடுங்கால் உள்ளான் நீரை ஒட்டியே கூடு வைக்கும். முட்டையிட்டபின் மதகை அடைத்து நீர்மட்டம் ஒரு சாண் ஏறினாலே தாழ்வான கூடுகள் மூழ்கிவிடும். மொத்தமாக வடித்தாலும் கேடுதான்: சேறு இறுகும், புழு பூச்சி குறையும், காய்ந்த தரை வழியே நாய்கள் கூடுகள் இருக்கும் திட்டுவரை வந்துவிடும். மெல்ல மெல்ல வடியவிட்டால் நாளுக்கு நாள் புதிய சேற்றோரம் கிடைக்கும். குஞ்சுகள் அங்கேதான் வளரும்.

மாடுகளை அறவே விலக்க வேண்டாம். மேய்ச்சல் நின்றால் புதர் மண்டி, தரையில் கூடு வைக்கும் பறவைகள் விலகிப் போய்விடும். கூடு வைக்கும் பருவத்தில் எண்ணிக்கையைக் குறைத்தால் போதும். வெட்டவெளியாகக் கிடக்கிறதே என்று மரக்கன்றும் நடாதீர்கள். வளர்ந்த மரத்தில் உட்கார்ந்துதான் காகம் கூடுகளை நோட்டமிடும்.

அறுப்புக்கு உத்தரவிடும் முன் பறவை தெரிந்த ஒருவரை நிலத்தில் நடக்க விடுங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினாலோ, உப்புக்கொத்தி சிறகொடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஓடினாலோ, பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது. அந்த இடத்தில் இயந்திரத்தை இறக்காதீர்கள்.