முழங்கால் உயரக் கம்பிவடம் யாரைக் காக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறிய பாய்மரப் படகின் தளத்தைச் சுற்றி லைஃப்லைன் எனப்படும் பாதுகாப்புக் கம்பிவடம் கட்டுவது வீண்செலவு என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். ஏழு மீட்டர் நீளமுள்ள படகை நெடுங்காலமாக ஓட்டிவருபவன் என்ற முறையில், அவர் கருத்தில் பாதியை ஏற்கிறேன். மீதியை ஏற்க இயலவில்லை.

பாய்மரப் படகோட்டத்தின் உலக அமைப்பான வேர்ல்ட் செய்லிங் ஆழ்கடல் போட்டிகளுக்கு வகுத்த விதிகள் 8.5 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகளுக்கு 600 மி.மீ. உயரத்தில் மேல்வடம் வேண்டும் என்கின்றன. அதைவிடச் சிறியவற்றுக்கு 450 மி.மீ. உயரத்தில் ஒற்றை வடம் இருந்தாலும் ஒப்புக்கொள்கின்றன. அது வளர்ந்த ஒருவரின் முழங்கால் மட்டம். உடலின் எடை மையமோ தொப்புளை ஒட்டி இருக்கிறது. ஆகவே, நின்ற நிலையில் தடுமாறுபவரை அந்த வடம் தடுத்து நிறுத்துவதில்லை, காலை வாரிவிடுகிறது.

இதை நானே பட்டறிந்தேன். முன்பாயை இறக்கிக்கொண்டிருந்தபோது அலை ஒன்று படகை ஒருபக்கமாகச் சாய்க்க, வடத்தைத் தாங்கும் தூணைப் பற்றினேன். அது அடியோடு சாய்ந்தது. மற்றொரு கை, பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துத் தாங்கும் வடத்தைப் பிடித்திருந்ததால் தப்பினேன். பின்னர் கழற்றிப் பார்த்தபோது, தூணின் அடித்தட்டை வெறும் திருகாணிகளே பிடித்திருந்தன. சுமையைப் பரப்பத் தளத்துக்கு அடியில் தகடு ஏதும் இல்லை. 450 மி.மீ. தூணின் உச்சியில் விழும் விசை, 50 மி.மீ. இடைவெளியில் உள்ள திருகாணிகளைக் கடப்பாரை போல ஏறக்குறைய ஒன்பது மடங்காக நெம்பும். கம்பியின் வெள்ளை பிளாஸ்டிக் உறையைக் கீறியபோது, முனை இணைப்பருகே உள்ளே செந்துரு படிந்திருந்தது.

இருந்தும் வடத்தைக் கழற்றி எறியச் சொல்லமாட்டேன். தளத்தில் தவழ்ந்து முன்னே செல்பவருக்கும் உட்கார்ந்திருக்கும் சிறுவர்களுக்கும் அந்த உயரமே உதவுகிறது. இறக்கிய பாய் நீரில் சரியாமலும் அது காக்கிறது. உடலை வெளியே சாய்த்து ஓட்டும் திறந்த சிறுபடகுகளுக்கு மட்டும் அது தேவையில்லை.

ஆனால், பணம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால், முதலில் தளத்தின் நடுவாக்கில் முன்னிருந்து பின்வரை ஒரு பட்டை நாடாவை இழுத்துக் கட்டுங்கள். மார்பைச் சுற்றி அணியும் உடற்கச்சையிலிருந்து ஒரு மீட்டர் பிணைக்கயிற்றை அதில் மாட்டிக்கொண்டால் கடலில் விழாமல் இருக்கலாம். ஓர வடத்தில் ஒருபோதும் மாட்டலாகாது. ஐந்து நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தில் படகு, விழுந்தவரை விட்டு ஒரு நிமிடத்தில் சுமார் 150 மீட்டர் கடந்துவிடும். இருவர் மட்டுமே செல்லும் படகில் ஒருவர் விழுந்தால், மற்றவர் தனியாகப் பாயையும் சுக்கானையும் கவனித்தபடி, அலைகளுக்கிடையே தெரியும் தலையிலிருந்து கண்ணை எடுக்காமல் படகைத் திருப்ப வேண்டும். அவ்வேலை எத்தனை கடினம் என்பதை, அமைதியான நீரில் மிதவை ஒன்றை எறிந்து எடுத்துப் பார்த்தவர்களே அறிவார்கள்.

ஏற்கெனவே கம்பிவடம் கட்டியுள்ளவர்கள் அடுத்த பயணத்துக்கு முன் ஒவ்வொரு தூணையும் முழு பலத்துடன் அசைத்துப் பார்க்குமாறும், உறையை நீக்கிக் கம்பியைச் சோதிக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பாய்மரப் படகோட்டி ஒருவர்