அந்தத் தாய் தன் குஞ்சுகளைக் கைவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் நீலகிரிப் பதிப்பில் சென்ற செவ்வாய்க்கிழமை, 'தாயால் கைவிடப்பட்டுச் சாலையில் தவித்த 6 வாத்துக் குஞ்சுகள் மீட்பு' என்னும் தலைப்பில் ஒரு படமும் நான்கு வரிச் செய்தியும் வந்திருந்தன. எமரால்டு அருகே சுற்றுலா வந்த சிலர் அட்டைப்பெட்டியை ஏந்திச் சிரித்தபடி நிற்கும் படம் அது. அந்தக் குஞ்சுகள் பொரித்தது எங்கள் வீட்டுத் தோட்டத்தில். தாங்கள் 'கைவிட்டது' என்று எழுதிய தாயை ஒரு மாதத்துக்கும் மேலாக நாள் தவறாமல் பார்த்து வந்தவள் நான். செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அது புள்ளிமூக்கு வாத்து. கறுத்த அலகு, மஞ்சள் நுனி, அலகு நெற்றியைத் தொடும் இடத்தில் இரண்டு சிவந்த புள்ளிகள். ஒரு முறை பார்த்தவர்கள் வேறெந்தப் பறவையோடும் அதைக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் வீட்டின் பின்சரிவில், மேரக்காய்ப் பந்தலுக்குக் கீழே, ஓடையோரமாகக் கல்லா லில்லி மண்டிக் கிடக்கும் இடத்தில், ஐப்பசிக் கடைசியில் அது புல்லை வளைத்துக் குழி செய்தது. நாளுக்கு ஒன்றாக 9 முட்டைகள் இட்டது. கடைசி முட்டை வரும்வரை அது அடையில் அமரவில்லை. அமர்ந்திருந்தால் குஞ்சுகள் முன்னும் பின்னுமாகப் பொரிக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக நீருக்கு அழைத்துச் செல்ல முடியாது. இதை யாரும் அதற்குக் கற்றுக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு ஏறத்தாழ 24 நாட்கள். அதிகாலையிலும் அந்தியிலும் சற்று நேரம் மேயப் போகும். போகும் முன் தன் மார்பிலிருந்து பிடுங்கிய மென்தூவியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுத்தான் போகும். நாங்கள் அந்தப் பக்கம் புல் அறுப்பதை நிறுத்தினோம். நாயைக் கட்டி வைத்தோம். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் மழை அடித்தது. குடையைப் பிடித்துக்கொண்டு எட்ட நின்று பார்த்தேன். முதுகில் மழைத்துளிகள் மணிமணியாக உருள, அலகைத் தோள்சிறகுக்குள் செருகியபடி, கண்ணை மட்டும் மூடாமல் அது கிடந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன், "டீச்சர், அதுக்குக் குளிராதா?" என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பறவையைத்தான் தங்கள் நாளிதழ், குஞ்சுகளை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எட்டு முட்டைகள் பொரித்தன, ஒன்று கூமுட்டை. வாத்துக் குஞ்சு கோழிக் குஞ்சைப் போலத்தான்: பொரித்து ஈரம் உலர்ந்த உடனேயே நடக்கும், தானே மேயும். ஆனால் அதன் உடல் சூட்டுக்குத் தாயின் சிறகுதான் வேண்டும். ஆகவே பொரித்து ஒரு நாள் ஆவதற்குள் தாய் அவற்றை அழைத்துக்கொண்டு நீர்நிலைக்கு நடந்துவிடும். எங்கள் வேலியிலிருந்து அணையின் நீர்ப்பரப்புக்குப் போக நடுவில் தார்ச்சாலையைக் கடந்தே தீர வேண்டும். மறுநாள் காலையில் நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அது புறப்பட்டது. அன்று வீட்டில் இல்லாமல் போனேனே என்ற வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

நடந்ததை நேரில் கண்டவன் அந்தச் சிறுவன். வேன் நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், கைப்பேசிகளோடு சுற்றி வளைத்தார்கள். தாய், இறக்கை முறிந்ததுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து தார்ச்சாலையில் துடித்திருக்கிறது. தன்னை எளிய இரையாகக் காட்டி, துரத்துபவரைக் குஞ்சுகளிடமிருந்து விலக்கிக் கொண்டுபோவதற்காகத் தாய் வாத்துகள் செய்வது அது. அதையும் ஒருவர் பிடிக்கப் பாய்ந்ததால் பறந்து, தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியிருக்கிறது. அப்படிப் பறந்ததைத்தான் 'கைவிட்டது' என்று புரிந்துகொண்டார்கள். ஆறு குஞ்சுகள் பெட்டிக்குள் போயின. இரண்டு மட்டும் சிறுபாலத்துக்கு அடியில் நழுவித் தப்பின. அன்று இருட்டும்வரை அந்தச் சாலையோரத்தில் தாயின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாளிதழுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைப்பது தவறா? தெருவில் இறங்கி இரண்டு வீடுகளில் விசாரித்திருந்தால் தங்கள் நிருபருக்கு உண்மை கிடைத்திருக்கும்.

இது முதல் முறையும் அல்ல. புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டுத் தாய்மான் மேயப் போகிறது. அந்தக் குட்டியை யாரோ தூக்கி வருகிறார்கள். 'வழிதவறிய மான்குட்டி மீட்பு' என்று தாங்கள் வெளியிடுகிறீர்கள். ஏரியில் நீந்தும் தாழைக்கோழியை வாத்து என்று படத்துக்குக் கீழே எழுதினீர்கள். நீரில் எந்தப் பறவை தென்பட்டாலும் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த விருந்தாளி என்று எழுதுகிறீர்கள். புள்ளிமூக்கு வாத்து இந்த நாட்டிலேயே பிறந்து, இங்கேயே முட்டையிட்டு, இங்கேயே சாகும் பறவை. இவை ஒவ்வொன்றுக்கும் நான் கடிதம் எழுதினேன். ஒன்றும் பிரசுரமாகவில்லை, இடப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வாத்து என் மேரக்காய்ப் பந்தலுக்கு ஏன் வந்தது என்றாவது தாங்கள் கேட்டிருக்கலாம். எங்கள் ஓடைக்கு மேலே, நான் இங்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில், இரண்டு குன்றுகளுக்கு நடுவே முழங்கால் புதையும் சதுப்பு இருந்தது. அதில் வாய்க்கால் வெட்டி, நீரை வடித்து, கேரட் போட்டார்கள். மிச்சமிருந்த கரைக்குக் கல் பதித்துச் சிமென்ட் பூசினார்கள். அந்த வேலை நடந்தபோது தங்கள் நாளிதழ் அதை 'ஓடை சீரமைப்பு' என்று பாராட்டி எழுதியது. கூடு கட்டப் புல்லும் சேறும் இல்லாமல் போனால் பறவை வீட்டுத் தோட்டத்துக்கு வராமல் வேறெங்கே போகும்?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டு விலங்கையோ பறவையையோ பிடிப்பதை மட்டுமல்லாமல், பறவைகளின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதைக்கூட வேட்டை என்ற சொல்லுக்குள்தான் வைத்திருக்கிறது. தாங்கள் அறியாததில்லை. அப்படியிருக்கத் தாயின் கண்முன்னே குஞ்சுகளை அள்ளிச் சென்றதற்குத் தங்கள் பக்கத்தில் 'மீட்பு' என்று பெயர்.

நான் கேட்பது பெரிதல்ல. 'தாயால் கைவிடப்பட்ட' என்ற சொற்கள் தவறு என்று ஒரு வரித் திருத்தம் வெளியிடுங்கள். கூட்டம் வரும் விடுமுறை நாட்களில் இதே பக்கத்தில் நான்கு வரி சேர்த்துப் போடுங்கள்: சாலையில் வாத்துக் குஞ்சுகளைக் கண்டால் வண்டியை நிறுத்துங்கள், இறங்காதீர்கள், தாய் அழைத்துக்கொண்டு போய்விடும், சாக்கடையில் விழுந்திருந்தால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டு எட்டிப் போங்கள், தாய் இறந்து கிடப்பதைக் கண்ணால் கண்டால் மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அந்த ஆறு குஞ்சுகள் இப்போது எங்கே இருக்கின்றன என்பதையும் தங்கள் நிருபர் விசாரித்துச் சொல்ல வேண்டும். நான் கேட்ட இடங்களில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. எங்கள் ஓடை அணை நீரில் கலக்கும் முகப்பில், மிஞ்சிய இரண்டு குஞ்சுகளோடு அந்தத் தாயை இன்று காலையிலும் பார்த்தேன். எடுத்துச் சென்ற அந்த ஆறும் உயிரோடு இருந்தால், இப்போதுகூட அங்கே கொண்டுபோய் விட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
எமரால்டு, நீலகிரி மாவட்டம்.