காதுகுத்துக்கு வராத காரணம்

பெரம்பூர்,
சித்திரை 4

அன்புள்ள கமலா,

இங்கே எல்லாரும் நலம். உன் முழங்கால் வலி தேவலை, அண்ணனுக்குச் சர்க்கரையும் இறங்கியிருக்கிறது என்று கோமதி சொன்னாள். நீ என்மேல் கோபமாக இருப்பதையும் அவள்தான் சொன்னாள். பேசாவிட்டால் பரவாயில்லை, இதைப் படித்துவிடு.

பொதிகையில் டிக்கெட் போட்டது உண்மை. அதைக் கேன்சல் செய்துவிட்டு, "வெளியூர் போகிறேன், வர முடியவில்லை" என்று ஒற்றை வரி அனுப்பினேன். முப்பது வருஷமாகப் பழகிய உனக்கு அப்படி எழுதியது தப்பு. போனில் சொன்னால் நீ வையும் முன்பே நான் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். உன் பேரன் மாமன் மடியில் உட்கார்ந்து வாயைப் பிளந்து அழுகிற போட்டோவைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். மூக்கு அப்படியே அண்ணனுடையது.

அன்றைக்கு நான் வால்பாறையில் ஒரு மரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன்.

இருவாச்சிப் பறவையின் கூடுகளைக் கண்காணிக்கிற ஓர் ஆராய்ச்சிக் குழுவுக்குத் தன்னார்வலர்கள் தேவைப்பட்டார்கள். பத்து நாள், சாப்பாடும், தங்க எஸ்டேட் ஆட்களுக்குக் கட்டின லயன் வீடு ஒன்றும் உண்டு. விருப்ப ஓய்வு வாங்கியதிலிருந்து இப்படி ஒன்றுக்குத்தான் காத்திருந்தேன். முதலில் கொடுத்த தேதி வேறு. எனக்கு முன்னால் போக வேண்டியவர் திடீரென்று நின்றுவிட, அவருடைய நாட்கள் என் தலையில் விழுந்தன. முடியாது என்று சொல்லியிருந்தால் அந்தக் கூட்டைப் பார்க்க அந்தப் பத்து நாளும் ஆள் கிடையாது.

சேரன் எக்ஸ்பிரஸில் கோவை, அங்கிருந்து பஸ்ஸில் பொள்ளாச்சி, ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்குப் பக்கத்தில் பாறைமேல் வரையாடு நின்றது. நீயாக இருந்தால் நான்காவது வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை முகரத் தொடங்கியிருப்பாய்.

பெரிய இருவாச்சியை நீ பார்த்ததில்லை. மூன்று கிலோ எடை, மஞ்சள் அலகு, அதற்கு மேல் கவிழ்த்த தொன்னை மாதிரி ஒரு கொண்டை. பறந்து வரும்போது முதலில் சத்தம்தான் வரும். பெரம்பூரில் பிறந்து என்ஜின் சத்தத்தில் வளர்ந்தவள் நான். முதல் நாள் காலையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து புஸ் புஸ் என்று அந்தச் சத்தம் வந்ததும், சின்ன வயதில் கேட்ட நீராவி என்ஜின்தான் ஞாபகம் வந்தது. எழுந்தே நின்றுவிட்டேன். கூட இருந்த காடர் பழங்குடிப் பெரியவர் கையைக் காட்டி உட்கார வைத்தார். அசைந்தால் ஆண் இறங்காது.

பெட்டை முட்டையிடப் பொந்துக்குள் போய், எச்சத்தையும் மண்ணையும் மரத்தூளையும் குழைத்து வாசலை உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே போனதும் இறக்கைச் சிறகுகளை உதிர்த்துவிடும், அதனால் நினைத்தாலும் பறக்க முடியாது. மூன்று நான்கு மாதம் ஆண் கொண்டு வருவதுதான் சோறு. கொரோனா சமயத்தில் நீ மாடி அறையில் அடைந்து கிடந்தாயே, அண்ணன் வேளாவேளைக்கு ரசம் சோறு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருப்பார் என்று சொல்வாயே, எனக்கு அங்கே அதே நினைப்புத்தான்.

எங்கள் வேலை விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை உட்கார்ந்து குறிப்பு எழுதுவது. எத்தனை மணிக்கு வந்தது, என்ன பழம், எத்தனை. ஆண் பக்கத்து மரத்தில் இறங்கி, சிவப்புக் கண்ணைச் சுழற்றிச் சுற்றுமுற்றும் பார்க்கும். பிறகு பொந்து வாசலில் தொற்றிக்கொண்டு, தலையை ஒரு உலுக்கு உலுக்கித் தொண்டையிலிருந்து ஒரு அத்திப்பழத்தை அலகு நுனிக்குக் கொண்டுவரும். கீறலுக்குள்ளிருந்து இன்னோர் அலகு நுனி வந்து அதை வாங்கிக்கொள்ளும். மறுபடி ஒரு உலுக்கு. ஒரு தடவை 47 பழம் எண்ணினேன். 30 வருஷம் நோட்டு எண்ணிய கை, கமலா, பென்சில் பிடிக்க முடியாமல் நடுங்கியது.

உன் பேரனுக்குக் காது குத்தியது எங்களுக்கு ஆறாவது நாள். காலை 6:40-க்கு ஆண் வந்தது, 9:10-க்கு மறுபடி வந்தது. அதற்கப்புறம் இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. கீறலில் அலகு நுனி அடிக்கடி வெளியே வந்து போனது. குஞ்சு பொரித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கு மழை பிடித்தது. அட்டைகள் கால் உறைமேல் ஏறின. தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை. கரண்டுக் கம்பியில் அடிபட்டிருக்குமோ, யாராவது சுட்டிருப்பார்களோ என்று மனசு எங்கெங்கோ போனது. அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் பந்தி நடந்திருக்கும். எனக்கு அது நினைவே வரவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

4:50-க்கு அந்தச் சத்தம் கேட்டது. நனைந்து கருத்துப்போய் வந்து உட்கார்ந்தது. தூரத்து மேட்டில் ஏதோ அத்தி பழுத்திருக்கும், அதுதான் நேரமாகிவிட்டது என்றார் பெரியவர், சாதாரணமாக. நான் நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவருடைய அப்பா காலத்தில் இருவாச்சியைக் கறிக்காகப் பிடித்ததுண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து வாழச்சாலில் இன்றைக்குக் காடர்களே கூடுகளுக்குக் காவல் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். ராத்திரி யானை பயம் உண்டு. பக்கத்தில் யானை நின்றால் சிவப்பு விளக்கு எரிகிற மாதிரி சில மேடுகளில் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் லயனுக்கு நடப்போம்.

இனி சொல்லப்போவதுதான் இங்கே வந்தும் எனக்குத் தூக்கம் கெடுக்கிறது. வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். 1890களிலிருந்து காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். எஸ்டேட்களுக்கு நடுவே தீவு தீவாக 40-க்கு மேற்பட்ட சோலைத் துண்டுகள் மிஞ்சியிருக்கின்றன. நம் கூடும் அப்படி ஒரு துண்டில், தேயிலையை ஒட்டி நிற்கும் ஒரு கிழட்டு வெடிப்பலாவில்தான் இருக்கிறது. இருவாச்சிக்குப் பொந்து தோண்டத் தெரியாது. கிளை முறிந்து, உளுத்து, தானாக விழுந்த பொந்தாக இருக்க வேண்டும். அதுவும் அந்த உடம்பு நுழைகிற அளவுக்குப் பெரிய மரமாக இருக்க வேண்டும். கிடைத்த பொந்துக்கே வருஷா வருஷம் திரும்பி வரும். தேயிலைக்குள் நிழலுக்கு நிற்பதெல்லாம் சில்வர் ஓக், ஆஸ்திரேலிய மரம். அதில் இதற்குத் தின்ன ஒரு பழம் கிடையாது. ஒரு காற்றில் அந்த வெடிப்பலா சாய்ந்தால் இந்த ஜோடி எங்கே போகும்?

சும்மா இருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்றங்கால் வைத்துக் காட்டு மரங்களையே வளர்த்து, அந்தத் துண்டுகளில் நடுகிறார்கள். கடைசி நாள் எனக்கும் ஒரு வெடிப்பலாக் கன்று கொடுத்தார்கள், ஒரு சாண் உயரம். நட்டுவிட்டு வந்தேன். அதில் பொந்து விழ உன் பேரனின் பேரன் காலம் ஆகும். அதுவரை அந்தக் கிழட்டு மரம் நிற்க வேண்டும், வேறு வழி இல்லை.

இங்கே வந்த அன்று எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தை யாரோ கம்பிக்கு இடைஞ்சல் என்று மொட்டையடித்திருந்தார்கள். கிளையோடு காக்காய்க் கூடும் கீழே கிடந்தது. முன்னெல்லாம் பார்த்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பேன். இந்தத் தடவை நின்று சண்டை போட்டேன். என் மகன் வந்து கூட்டிப் போனான்.

உன் வீட்டு மொட்டை மாடியில் வடகம் பிழியும்போது எதிரே தெரிகிறதே, அந்தக் குற்றால மலையும் இதே மலைத்தொடர்தான். ஒரு தடவையாவது அதை நிமிர்ந்து பார். ஜனவரியில் மறுபடி ஆள் கேட்பார்கள். உன் பெயரையும் சேர்த்துக் கொடுக்கலாமா? தேரை வராது, முன்பு நாம் தங்கிய அந்தப் பதினான்காம் நம்பர் அறையில் வந்த மாதிரி. வந்தாலும் நான் பிடித்து வெளியே விடுகிறேன்.

நேற்று ராத்திரி மலையிலிருந்து போன் வந்தது. பெட்டை அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டதாம். குஞ்சு உள்ளேயிருந்து வாசலை மறுபடி தானே அடைத்துக்கொண்டிருக்கிறதாம். இப்போது இரண்டும் மாறி மாறித் தீனி கொண்டுவருகின்றனவாம். உடனே உன்னைத்தான் கூப்பிடக் கையை வைத்தேன், மணி பதினொன்று என்று விட்டுவிட்டேன்.

கத்திரிக்கு முன்னால் தென்காசி வருகிறேன். குழந்தைக்குக் கடுக்கன் வாங்கி வைத்திருக்கிறேன், சின்னச் சிவப்புக் கல். அண்ணனிடம் மட்டும் சொல்லி வை, ஸ்டேஷனுக்கு வரட்டும்.

உன்
வசந்தி