செயலாளர் ஆண்டறிக்கை: காது கேளாதோரும் காவல் நிலையமும்

அவைத் தலைவருக்கும், சேலம் மாநகரிலிருந்தும் ஏற்காடு மலைக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மேடையோரம் நிற்கும் சைகை மொழிபெயர்ப்பாளருக்குத் தோதாக நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறேன். அறிக்கை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

அடையாள அட்டைக்கு விண்ணப்பம் எழுதித் தருவது, காதுக்கருவிகளைப் பழுது பார்க்க அனுப்புவது, செப்டம்பர் 23 சர்வதேச சைகை மொழிகள் நாள் கூட்டம் ஆகியவை வழக்கம்போல நடந்தன. ஆண்டின் பெரும்பகுதி உழைப்பு, காது கேளாதவர்களை எப்படி விசாரிப்பது என்று காவலர்களுக்கு நாங்கள் தரும் பயிற்சிக்கே போனதால், இந்த அறிக்கையும் அதைப் பற்றியே பேசும்.

பயிற்சியின் வடிவத்தை இந்த ஆண்டு மாற்றிவிட்டோம். முன்பு ஒரு மணி நேரத்தில் இருபது சைகைகள் சொல்லிக்கொடுப்போம். கைதட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள், அதோடு முடிந்தது. அதில் நன்மையைவிடக் கெடுதல் அதிகம் என்பது செயற்குழுவின் முடிவு. இருபது சைகை தெரிந்த காவலர், மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாமல் தானே விசாரித்து முடித்துவிடுகிறார். இப்போது சைகைக்குக் கடைசி பத்து நிமிடம்தான். மீதி நேரம் முழுக்க, ஒரு வாக்குமூலம் எங்கெங்கே கெட்டுப்போகிறது என்பதைக் காட்டுகிறோம்.

முதலில் கெடுவது காகிதத்தில். "பேச முடியலைன்னா எழுதிக் கொடுக்கட்டும்" என்று பேப்பரையும் பேனாவையும் நீட்டுவது எல்லா நிலையங்களிலும் உள்ள பழக்கம். பிறவியிலேயே கேட்காதவருக்குத் தமிழ் காது வழியாக வந்த மொழி அல்ல. இந்திய சைகை மொழியில் ஐ, கு, ஆல் போன்ற வேற்றுமை உருபுகள் கிடையாது. 'கொடு' என்ற சைகையில் கை எங்கிருந்து எங்கே நகர்கிறது என்பதே கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று சொல்லிவிடும். அதே ஆள் தமிழில் எழுதும்போது அந்தத் திசை காகிதத்தில் ஏறுவதில்லை.

பயிற்சியில் நாங்கள் தரும் மாதிரி வாக்கியம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குப் பொருந்துவது: "நான் முதலாளி வெள்ளி கொடு முடி." தொழிலாளி வாங்கிய வெள்ளியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றும் படிக்கலாம், முதலாளி அவரிடம் வெள்ளி கொடுத்தார் என்றும் படிக்கலாம். முதல் பொருளில் அவர்மேல் குற்றமில்லை. இரண்டாவது பொருளில், வெள்ளி எங்கே என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும். ஸ்டேஷன் எழுத்தர் இலக்கணத்தைத் திருத்தி நல்ல தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால், பிறகு அதை யாராலும் பிரித்தறிய முடியாது. காவலர் எழுதும் கேள்வியிலும் இதே ஆபத்து உண்டு. 'யார் அடித்தது', 'யாரை அடித்தது' இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஐகாரம்தான்.

ஆகவே நாங்கள் சொல்லும் முறை இது. அவர் எழுதியதை எழுதியபடியே வைக்க வேண்டும், திருத்தக் கூடாது. அதன் கீழே இரண்டு குச்சி மனிதர்களை வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் பெயர் எழுதி, அம்புக்குறியை அவர் கையாலேயே போடச் சொல்ல வேண்டும். தேதி, மணி, தொகை எல்லாம் எண்ணில். இடத்துக்கு ஒரு கோட்டுப் படம். அந்தத் தாளும் கோப்பில் சேர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை இது தாங்கும். அவர் வந்த பிறகே வாக்குமூலம்.

உதட்டசைவை நம்புவது அடுத்த தவறு. தமிழில் ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான்: படி, மடி, பணம், மணம், பாலை, மாலை. ககரம் தொண்டையோரம் பிறப்பதால் காடும் ஆடும் பார்வைக்கு ஒன்றே. ஏழு மணியா எட்டு மணியா என்பதை உதட்டைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. போதாததற்குக் காவல்துறை மீசை மேலுதட்டை மூடிவிடும், தொப்பி முகத்தில் நிழல் போடும். (மீசையை எடுக்கச் சொல்லவில்லை, தொப்பியையாவது கழற்றலாம்.) ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகமே தெரியாது. நாலைந்து அடி தூரத்தில், முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து, சாதாரண வேகத்தில் பேச வேண்டும். கத்தினால் வாய் கோணும், அவ்வளவுதான்.

தலையாட்டலை 'ஆமாம்' என்று எழுதிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் மோசம். கேட்காதவர் தலையாட்டுவது பெரும்பாலும் 'கவனிக்கிறேன், சொல்லுங்கள்' என்பதற்கு. அதிகாரி முன்னால் பயத்தில் ஆட்டுவதும் உண்டு. "நீ அங்கே போகலையா?" என்ற எதிர்மறைக் கேள்விக்குத் தலையாட்டினால் போனார் என்றா, போகவில்லை என்றா? யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்டால் தலையாட்டித் தப்ப வழியில்லை. புரியவில்லை என்பதும் உடனே வெளிப்படும்.

ஒரு நிலையத்தில் எழுந்த கேள்வியையும் பதிவு செய்கிறேன்: "சில நேரம் கூப்பிட்டா திரும்புறாங்க, சில நேரம் திரும்பலை. நடிக்கிறாங்களா?" 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பைக் கேளாமை என்றும், 60 முதல் 70 வரை உள்ளதைக் கேள்விக் குறைபாடு என்றும் பிரிக்கிறது. இரண்டாம் வகையினருக்கு அமைதியான அறையில் கேட்கும் குரல், வயர்லெஸ் இரைச்சலும் மின்விசிறியும் உள்ள இடத்தில் கேட்காது. காதுக்கருவி குரலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும். கண்ணாடி போட்டால் கண் தெரிவதுபோல அல்ல அது. இதே வரிசையில் இன்னொன்று: உள்காதுக் கோளாறு உள்ள சிலருக்கு இருட்டில் நடை தள்ளாடும், அவர்கள் பேசுவதும் மற்றவர்களுக்குக் குழறலாகக் கேட்கும். குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டுமுன் கருவியில் ஊதச் சொல்லவும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளி என்றால், அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளர் முன்னிலையில் புகாரைப் பதிய வேண்டும். வீடியோவும் எடுக்க வேண்டும். 179-ஆம் பிரிவுப்படி மாற்றுத்திறனாளி சாட்சியை நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர் விரும்பினால் வரலாம். நீதிமன்றத்தில் சைகையால் சொல்வதும் வாய்மொழிச் சாட்சியமே என்கிறது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம், பிரிவு 125.

ஆனால் வீடியோ எடுப்பதில்தான் பிசகுகிறது. முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் கை வெட்டுப்படும். அந்தப் பதிவில் வாக்குமூலமே இருக்காது. இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை சட்டகத்தில் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் கையும் தெரிய வேண்டும். கேள்வி சரியாகப் போனதா என்று பின்னால் சரிபார்க்க அது ஒன்றே ஆதாரம். இரண்டு கேமரா நல்லது. ஒன்றுதான் என்றால் படுக்கைவாட்டில் வைத்து இருவரையும் அடக்கவும்.

மொழிபெயர்ப்பாளர் அதிகாரிக்குப் பக்கத்தில், கேட்காதவருக்கு எதிரே உட்கார வேண்டும். "அவரிடம் கேளுங்க" என்று சொல்லாமல், கேட்காதவரைப் பார்த்தே நேரடியாகக் கேட்க வேண்டும். அரை மணிக்கு ஒரு இடைவெளி, ஒரு மணிக்கு மேல் போனால் இருவர் மாறி மாறி. அண்ணனையோ அம்மாவையோ மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. வீட்டுத் தகராறு என்றால் அவர்களே எதிர்த்தரப்பாக இருக்கலாம். பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவர்கள் மலைக் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதாது, இடையில் காது கேளாத ஒருவரையும் இருத்தினால்தான் சைகை பிடிபடும்.

கைது பற்றிச் சுருக்கமாக. கையைப் பின்னால் கட்டுவது இவர்களுக்கு வாயைக் கட்டுவது. தவிர்க்க முடியாதென்றால் முன்னால் விலங்கிடவும், விசாரணையின்போது அவிழ்க்கவும். லாக்கப்பில் காதுக்கருவியை மற்றப் பொருள்களோடு பறிமுதல் செய்ய வேண்டாம். அறுவைச் சிகிச்சை செய்து உள்காதில் காக்ளியர் கருவி பொருத்தியவருக்கு, அதன் வெளிக்கருவி இல்லையென்றால் எதுவும் கேட்காது.

மலைப்பாதை விஷயம் நமக்கே உரியது. அடிவாரம் சோதனைச்சாவடியில் பின்னாலிருந்து ஊதும் விசில் கேட்காது. நிற்காமல் போனவர் தப்பி ஓடுபவராகத் தெரிவார். எதிரில் நின்று கையும் ஒளிரும் தடியும் காட்ட வேண்டும். இரவில் டார்ச்சை அவர் கண்ணில் அடிக்காமல் காவலர் தம் முகத்திலும் கையிலும் அடிக்கவும். தேர்வில் தேறினால் காது கேளாதவரும் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்று 2011-லேயே டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரிமத்தைக் காட்டிய பிறகும் "எப்படி கொடுத்தாங்க?" என்று வாதிடுவது வீண். சட்டைப்பைக்குள் கை போனால் பேனாவோ போனோ எடுக்கத்தான்.

ரோந்து வண்டிகளுக்குத் தந்த பட அட்டையில் நமக்கும் ஒரு பிழை. பளபளப்பான லேமினேஷன் இரவில் டார்ச் ஒளியைத் திருப்பியடித்துப் படத்தை மறைத்தது, பால்பாயின்ட் பேனாவும் அதன்மேல் எழுதவில்லை. அடுத்த அச்சு மங்கலான பூச்சில், துடைக்கக்கூடிய மார்க்கரோடு வரும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவசர உதவி எண் 112-க்கு அனுப்பும் குறுஞ்செய்தியை இப்போதே எழுதிப் போனில் சேமித்து வையுங்கள்: பெயர், 'எனக்குக் காது கேட்காது, அழைக்க வேண்டாம், எழுதுங்கள்', என்ன உதவி வேண்டும். 'அழைக்க வேண்டாம்' இல்லையென்றால் அவர்கள் திருப்பி அழைப்பார்கள், நீங்கள் எடுக்க மாட்டீர்கள். இடத்தை மட்டும் அந்த நேரத்தில் சேர்த்தால் போதும். சேலம்–ஏற்காடு பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் பலகை உண்டு, அந்த எண்ணையே எழுதுங்கள். இணையம் எட்டாத இடத்தில் செயலியைவிடக் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்பு அதிகம்.

நிலுவையில் இருப்பது இரவு நேர மொழிபெயர்ப்பாளர் பட்டியல். பகலில் வர ஆள் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் மலைக்கு ஏற யாரும் தயாராக இல்லை, போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்பதும் முடிவாகவில்லை. அதுவரை வீடியோ அழைப்பில் முதல் விசாரணை மட்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. பொதுக்குழு இன்று ஒப்புதல் தர வேண்டும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.