பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்காதே, கண்ணு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் நலம்.

வாங்குகிற பிரெட்டில் பாதி பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகிறது, ஃப்ரிட்ஜில் வைத்தால் வறண்டுபோய்த் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது, அதனால் காலையில் ஒன்றும் சாப்பிடாமலே கிளம்பிவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். காசு வீணாவதைக்கூட விடு. மான்செஸ்டர் குளிரில் நீ வெறும் வயிற்றோடு பஸ் ஏறுவதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. பேக்கரியில் காலம் தள்ளியவன் மகள் பிரெட் இல்லாமல் பட்டினி கிடக்கலாமா?

முதலில் ஒன்று சொல்கிறேன். பிரெட்டுக்கு ஃப்ரிட்ஜ் ஆகாது. அடுப்பில் வேகும்போது மாவுச்சத்து தண்ணீரைக் குடித்து இளகிவிடும். ஆறிய பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறுகும். பிரெட் பழசாவது பெரும்பாலும் இதனால்தான், வெறுமனே காய்ந்துபோவதால் அல்ல. இந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, ஃப்ரிட்ஜுக்குள் இருக்கிற அதே குளிரில். ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்த சோறு காலையில் விறைத்துக் கிடக்கிறதே, அதே சங்கதிதான். ஆனால் ஃப்ரீசரில், மைனஸ் 18 டிகிரியில், இந்த வேலை கிட்டத்தட்ட நின்றுபோகும். பூசணமும் வளராது. அதற்காக அது செத்துவிட்டது என்று நினைக்காதே, வெளியே எடுத்தால் மறுபடி வளரும். அதனால் பிரெட்டைப் பழசாக விட்டு வைக்காமல், வாங்கிய அன்றைக்கே ஃப்ரீசருக்கு அனுப்பிவிடு.

அங்கே 800 கிராம் பாக்கெட்டில் கிட்டத்தட்ட இருபது துண்டு இருக்கும். ஒரு ஆளுக்கு அது அதிகம். இரண்டு மூன்று நாளைக்கு வேண்டியதை மட்டும் வெளியே வைத்துக்கொள். மீதியை நாலு நாலு துண்டாகப் பிரித்து ஜிப் பையில் போடு. கையால் லேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு மூடு. உள்ளே காற்று தங்கினால் பிரெட்டின் ஈரம் வெளியேறிப் பையின் உள்பக்கம் வெள்ளையாகப் பனி பிடிக்கும். பிரெட் கெடாது, ஆனால் சக்கையாகிவிடும். பையைத் தட்டையாகப் படுக்க வை, சீக்கிரம் உறையும். துண்டு போடாத முழு பிரெட் வாங்கினால் முதலில் துண்டு போட்டுவிடு. உறைந்த பிறகு கத்தி இறங்காது. இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிட்டால் ருசி குறையாது.

பேக்கரியில் அடுப்பிலிருந்து இறக்கிய பிரெட்டை நன்றாக ஆறவிடாமல் கவரில் போடவே விடமாட்டோம். போட்டால் கவர் உள்ளே வியர்த்துச் சொட்டும், பூசணத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அங்கே கடையில் சூடாக வாங்கினாலும், கை வைத்தால் சூடு தெரியாத வரை காத்திருந்து அப்புறம் பையில் போடு.

காலையில் எழுந்ததும் இரண்டு துண்டை எடுத்து அப்படியே டோஸ்டரில் போடலாம், உருக வைக்க வேண்டாம். சில டோஸ்டரில் பனிப்பூ படம் போட்ட பட்டன் இதற்கென்றே இருக்கும். சாண்ட்விச்சுக்கு என்றால் பையைத் திறக்காமல் மேசைமேல் அரை மணி நேரம் வை, பனியாய் நின்ற ஈரத்தில் கொஞ்சம் பிரெட்டுக்கே திரும்பிவிடும். மைக்ரோவேவில் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், ரப்பராகிவிடும்.

சிக்கனம் என்று இதை மட்டும் செய்யாதே: பூசணம் பூத்த இடத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடுவது. மேலே பச்சையாகத் தெரிவது கொஞ்சம்தான், கண்ணுக்குத் தெரியாத இழை மெத்தென்ற பிரெட்டுக்குள் ஆழமாக ஓடியிருக்கும். அந்தப் பாக்கெட்டை முகர்ந்துகூடப் பார்க்காமல் போட்டுவிடு. உடம்பைவிட அது பெரிதில்லை. பூசணம் இல்லாமல் வெறுமனே விறைத்த துண்டு என்றால் தூக்கிப் போடாதே. சூடு பட்டால் இறுகிய மாவுச்சத்து மறுபடி இளகும். தண்ணீர் தெளித்துத் தோசைக்கல்லில் மூடி வைத்தாலே போதும். ஓரத் துண்டுகளையும் ஒரு பையில் சேர்த்து வை. ஞாயிற்றுக்கிழமை வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் போட்டு அம்மா செய்கிற பிரெட் உப்புமா செய்துகொள்.

சாயங்காலம் கடையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி விலை குறைத்து வைப்பார்கள் என்றாயே, தாராளமாக வாங்கு. வந்ததும் ஃப்ரீசரில் வைத்துவிட்டால் ஒன்றும் ஆகாது.

கூட இருக்கிற பிள்ளைகளிடம் கேட்டு ஃப்ரீசரில் ஒரு தட்டு உனக்கென்று வாங்கிக்கொள். பையில் தேதி எழுதி வை. நாளைக் காலையில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பஸ்ஸில் இருந்தே எனக்குச் சொல்லு.

அன்புடன்,
அப்பா