ஸ்டீக், அந்த இரண்டு கையெழுத்தை ஏன் வாங்கவில்லை?

அன்புள்ள ஸ்டீக் லார்சன்,

ஸ்வீடன் எழுத்தாளரான நீங்கள் 2004இல் மாரடைப்பில் இறந்த நவம்பர் 9 மறுபடியும் வந்துவிட்டது. அன்று அலுவலகத்தில் லிஃப்ட் ஓடாததையும் நீங்கள் ஏழு மாடி ஏறியதையும் உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. 50 வயது, ஓயாத சிகரெட், காபி. பகலெல்லாம் 'எக்ஸ்போ' பத்திரிகைக்காக நவ நாஜிகளைத் தேடித் தேடி எழுதிவிட்டு, ராத்திரியில் உங்கள் நாவல்களின் நாயகி லிஸ்பெத்தை எழுதினீர்கள். அந்த உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

மேலே போய்ச் சேர்ந்த அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியாது. மூன்று நாவல்களும் வந்துவிட்டன, முதலாவது 2005இல். ஸ்வீடிஷில் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்ற உங்கள் தலைப்பு தங்கியது. ஆங்கிலத்தில் அதைத் தூக்கிவிட்டு லிஸ்பெத்தின் டாட்டூவைத் தலைப்பாக்கிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன.

அந்தப் பணமும் உரிமையும் உங்கள் அப்பாவுக்கும் தம்பிக்கும் போயின. சட்டப்படிதான். அவர்களைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். இதை யார் யாரோ படிப்பார்கள், எனக்கு அவர்களைத் தெரியாது. ஆனால் கல்யாணம் செய்துகொள்ளாமலே 32 வருடம் உங்களோடு வாழ்ந்த ஈவாவுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

கல்யாணத்தைப் பதிந்தால் முகவரி வெளியே தெரிந்துவிடும், நவ நாஜிகள் தேடி வருவார்கள் என்று பயந்தீர்கள். ஈவாவே சொல்லியிருக்கிறார். 1999இல் ஸ்டாக்ஹோமில் ஒரு தொழிற்சங்கக்காரரை வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். உங்கள் பயத்தை எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் உயில்? 1977இல் ஆப்பிரிக்கா கிளம்பும்போது ஒன்று எழுதினீர்கள். சொத்தெல்லாம் ஸ்வீடனின் உமேயோ ஊரில் இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக் கிளைக்கு. சாட்சிக் கையெழுத்து இல்லாததால் அதுவும் செல்லுபடியாகவில்லை. அதற்கப்புறம் 27 வருடம் இருந்ததே ஸ்டீக். ஊர் உலகத்தில் பெண்களுக்கு நடக்கும் அநியாயமெல்லாம் உங்கள் கண்ணில் பட்டது.

கோபமாகத்தான் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

போன வருடம் ஒரு ராத்திரி இவருக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் இருந்த பெண் படிவத்தை நீட்டி, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். பேனாவை நூலில் கட்டிவைத்திருந்தார்கள். 'உறவு' என்ற கட்டத்தில் பேனா முனையை ஊன்றியபடி நின்றேன். மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது. கடைசியில் 'ஃப்ரெண்ட்' என்று எழுதினேன். "சொந்தக்காரங்க யாரையாவது வரச் சொல்லுங்க" என்றாள். பதினான்கு வருடம் ஒரே வீட்டில் இருந்தவள், அவருடைய அண்ணன் ஊரிலிருந்து பஸ் பிடித்து வரும்வரை கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றேன். அண்ணன் வந்ததும் என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்பினார். (அவர் படிப்பார் என்பதற்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே நல்ல மனிதர்.) என் அம்மாவும் படிப்பார், அதனால் நாங்கள் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்தக் கதவருகே நின்றபோது ஈவாவைத்தான் நினைத்துக்கொண்டேன். நீங்கள் விழுந்த அன்று அவர் வேலையாக ஃபாலுன் என்ற வேறு ஊரில் இருந்தார்.

உங்களிடம் மன்னிப்பும் கேட்க வேண்டும். 2015இல் வேறொருவர் எழுதிய நான்காவது நாவலை வாங்கிவிட்டேன். ஈவா அதை எதிர்த்தது தெரிந்தேதான் வாங்கினேன். லிஸ்பெத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. உரிமை ஈவா கையில் இருந்திருந்தால் அப்படி ஒரு புத்தகம் வந்தே இருக்காது. தப்பு என்னுடையதுதான், ஆனால் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

சரி. இந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் உயில் எழுதிவிட்டோம். அவர் ஒன்று, நான் ஒன்று. உங்கள் ஊரைப் போலவே இங்கேயும் இரண்டு சாட்சி போதும். கீழ்வீட்டு அக்காவும் அவர் கணவரும் வந்தார்கள். அக்கா மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பிப் போய் எடுத்து வந்தார். அப்படியும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது, ஸ்டீக்.