கான்டோர்களைக் காண வழிசெய்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புடையீர்,

வணக்கம். இந்தக் கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசிக்கும் எங்கள் மகள் வீட்டுக்குச் சென்று, அங்கிருந்து கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையும், கான்டோர் என்னும் பிணந்தின்னிப் பெரும்பறவை முதலாக அதில் வாழும் காட்டுயிர்களையும் கண்டு, நலமாக ஊர் திரும்பியிருக்கிறோம். சேலத்திலும் ஏற்காட்டிலும் கடல் கடந்தும் பலர் கைகொடுத்ததால்தான் இது எங்களுக்கு வாய்த்தது. உதவியவர்களின் வீடு தேடிச் சென்று நன்றி சொல்வதே முறை என்றாலும், அவர்களில் சிலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. சிலரோ நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடக் கூடியவர்கள். ஆகவே இம்மடலைப் பொதுவில் எழுதுகிறோம்.

முதல் நன்றி, ஏற்காட்டில் காபித் தோட்ட மேஸ்திரியாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு உரியது. சேர்வராயன் கோயிலுக்குச் செல்லும் பக்கத்துத் தோட்டங்களில் எங்களைக் காலை நடைக்கு அழைத்துச் சென்று, காட்டுமாடு எதிர்ப்பட்டால் எப்படி நிற்க வேண்டும், எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் அவர். மேய்ந்துகொண்டிருக்கும் விலங்கு தலையைத் தூக்கிக் காதை நம் பக்கம் திருப்பிவிட்டது என்றால், நாம் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம் என்று பொருள் என்பார். கிராண்ட் கேன்யனில் எல்க் என்னும் பெரிய மான்கள், பயணிகள் தங்கும் விடுதிகளுக்கு நடுவிலேயே மேய்கின்றன. 1913-இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து அரிசோனாவுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட மான்களின் வழிவந்தவை அவை. பார்ப்பதற்குச் சாதுவாகத் தோன்றினாலும், கன்று ஈனும் பருவத்தில் ஆளைத் தாக்கக்கூடியவை. அவற்றிடமிருந்து 100 அடியாவது விலகி நிற்க வேண்டும் என்பது அந்தப் பூங்காவின் விதி. எங்கள் விடுதி வாசலில் ஒரு பெட்டை எல்க் புல்லைக் கடித்தபடி நின்றபோது, என் மனைவி பூங்கா விதியை நினைக்கவில்லை. அதன் காதைத்தான் பார்த்தார். அந்தக் காது திரும்பாத தொலைவிலேயே நின்று, அது மேய்ந்து முடித்து மரங்களுக்குள் செல்லும்வரை கண்ணாரக் கண்டோம். ஐயா, அந்தக் காலை நேரம் முழுவதும் தாங்கள் தந்தது.

அடுத்து, சேலத்தில் பறவை நோக்கும் நண்பர்களுக்கு. தங்களுடைய நல்ல பைனாகுலரை இரவலாகத் தந்ததோடு நில்லாமல், புறப்படுவதற்கு முன் எங்களை உட்காரவைத்து, எதைப் பார்க்கப் போகிறோம் என்பதையும் விளக்கினீர்கள். இறக்கைகளை 'வி' எழுத்தைப் போல் சற்றே உயர்த்தி, இப்படியும் அப்படியும் ஆடிப் பறந்தால் அது டர்க்கி வல்ச்சர் என்னும் பிணந்தின்னிக் கழுகு. பலகையைப் போல் தட்டையாக, ஆட்டமே இல்லாமல் நீண்ட நேரம் மிதந்தால் அது கலிபோர்னியா கான்டோர் என்று நீங்கள் சொன்னது அங்கே சொல்லுக்குச் சொல் பலித்தது. வட அமெரிக்காவிலேயே மிகப் பெரிய நிலப்பறவை அது. இறக்கை விரிப்பு ஏறத்தாழ 9½ அடி. 1982-இல் உலகம் முழுவதிலும் 22 பறவைகளே எஞ்சியிருந்தன என்பதையும், 1987-இல் காட்டில் இருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் கூண்டில் வைத்துப் பெருக்கினார்கள் என்பதையும் உங்களிடம் கேட்டறிந்த பிறகுதான், இந்தப் பயணத்தில் வேறு எதைத் தவறவிட்டாலும் கான்டோரைத் தவறவிடக் கூடாது என்று முடிவு செய்தோம்.

நில அமைப்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெருப் பெரியவருக்கும் கடமைப்பட்டுள்ளோம். பள்ளத்தாக்கின் அடியில், கொலராடோ ஆற்றங்கரையில் தெரியும் கரும்பாறைக்கு விஷ்ணு பாறை என்று பெயர் என்பதையும், அதன் வயது ஏறத்தாழ 170 கோடி ஆண்டு என்பதையும், நாம் நிற்கும் மேல்விளிம்பின் சுண்ணாம்புக்கல் 27 கோடி ஆண்டுக்கு முன் கடலடியில் படிந்தது என்பதையும் அவர் வரைந்து காட்டியிருந்தார். நம் சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறை அந்த விஷ்ணு பாறையைவிடவும் மூத்தது என்று அவர் சொன்னபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமிதம் இன்னும் குறையவில்லை. அவர் காட்டிய இன்னொன்று எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. கெட்டியான பாறை அடுக்குகள் செங்குத்துச் சுவராகவும், மிருதுவான அடுக்குகள் சரிவாகவும் திட்டாகவும் அமைவதால், பெருங்கொம்பு ஆடுகளைத் திட்டுகளில் தேட வேண்டும், கான்டோரின் கூடுகள் சுவரிலுள்ள குகைகளில் இருக்கும் என்றார். ஒரு மைலுக்கும் மேல் ஆழமுள்ள, சராசரியாகப் பத்து மைல் அகலமுள்ள ஒரு வெளியில், எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் திகைப்பவர்களே அதிகம். எங்களுக்கு அந்தத் திகைப்பு நேரவில்லை.

இனி, பெயர் கேட்டும் சொல்லாமல் சிரித்துவிட்ட அந்தப் பூங்கா ரேஞ்சர் அம்மையாருக்கு. தமிழ் அறியாத அவருக்கு எங்கள் மகள் இம்மடலை மொழிபெயர்த்து அனுப்புவாள். தென்விளிம்பில் அவர் முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்திவைத்து, வருவோர் போவோர் அனைவருக்கும் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏறிப் பாறைச் சுவர்கள் சூடாகி, வெப்பக்காற்று மேலெழும்வரை கான்டோர் பெரும்பாலும் இடத்தைவிட்டு எழாது என்று சொல்லி, எங்களுக்கு நிழலில் ஓர் இடமும் காட்டினார். நாங்கள் காத்திருந்தோம். பள்ளத்தாக்கின் உள்ளிருந்து வட்டமிட்டு மேலேறிய ஒரு பறவை விளிம்பின் மட்டத்துக்கு வந்தபோது, பைனாகுலருக்குத் தேவையே இருக்கவில்லை. இறக்கை நுனிச் சிறகுகள் தனித்தனியாகப் பிரிந்து மேல்நோக்கி வளைந்திருந்ததும், மயிரில்லாத இளஞ்சிவப்புத் தலை கீழே எதையோ பார்த்துத் திரும்பியதும், இறக்கையில் பொருத்தியிருந்த எண் அட்டையும் வெறுங்கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தன. காற்று அதன் சிறகுகளை உரசும் ஓசைகூடக் கேட்டது. அது சாய்ந்து திரும்பியபோது இறக்கையின் அடியிலுள்ள வெள்ளைப் பட்டை வெயிலில் பளிச்சிட்டது. என் மனைவி தம்மை அறியாமல் கைகூப்பிவிட்டார்.

அந்த எண்ணை வைத்துத் தம் குறிப்பேட்டைப் புரட்டி, கூண்டில் பொரித்து வளர்க்கப்பட்டுப் பின்னர் காட்டில் விடப்பட்ட பறவை இது என்று ரேஞ்சர் அம்மையார் சொன்னார். 1996-இல் அரிசோனாவின் வெர்மிலியன் கிளிஃப்ஸ் பகுதியில் முதன்முதலாக விடப்பட்டவை ஆறு பறவைகள். 2003-இல் இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த குஞ்சு ஒன்று முதல்முறையாகக் கூட்டைவிட்டுப் பறந்தது. ஒரு முறைக்கு ஒரே முட்டை, அதுவும் பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்பதால், ஒரு பறவை இறந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் ஆகிறது. இன்று அவற்றுக்குப் பெரும் எமன் காரீயம். வேடர்கள் சுட்டு வீழ்த்திய விலங்கின் உடலில் சிதறிக் கிடக்கும் தோட்டாத் துணுக்குகளை இரையோடு சேர்த்து விழுங்கிப் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன. அதனால் காரீயமற்ற தோட்டாக்களைப் பயன்படுத்துமாறு வேடர்களிடம் எடுத்துச் சொல்லி, அவர்களில் பெரும்பாலோரை இணங்கவும் வைத்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு நம் ஊர்ப் பாறு கழுகுகளின் நினைவு வந்தது. மாடுகளுக்கு வலி நீக்கப் போட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, அவற்றின் பிணத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாக அழித்ததையும், கால்நடைகளுக்கு அதைத் தயாரிப்பது 2006-இல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதையும், தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் அவை முக்கியமாக எஞ்சியிருக்கின்றன என்பதையும் மகள் வழியாக அவரிடம் சொன்னோம். அவர் தொலைநோக்கியை விட்டு எழுந்துவந்து, என் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டு மாயாறு பற்றி மேலும் மேலும் கேட்டார். எங்கள் பயணத்தில் இதைவிட நிறைவான பேச்சு வேறில்லை. அம்மா, தங்கள் பணிக்குத் தலைவணங்குகிறோம்.

முழங்கால் வலியுள்ள என் மனைவி ஏறி இறங்க வசதியாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் பேருந்தின் சாய்வுப் பலகையை இறக்கித் தந்த ஓட்டுநருக்கும், உயரமும் வறண்ட காற்றும் சேர்ந்து என் மனைவிக்குத் தலைசுற்றல் வந்தபோது உப்புக் கடலையும் தண்ணீரும் தந்து தேறும்வரை உடனிருந்த மேட்டூர் தம்பதியருக்கும் எங்கள் நன்றி. மேட்டூர்த் தம்பி, தங்கள் தொலைபேசி எண்ணை எழுதிய தாள் எங்கோ தவறிவிட்டது. இம்மடல் தங்கள் கண்ணில் பட்டால் அவசியம் வீட்டுக்கு வர வேண்டும்.

நாங்கள் ஊரில் இல்லாத நாட்களில் என் தாயாருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்ட என் தங்கைக்கும், இரவுதோறும் வந்து விசாரித்துச் சென்ற எதிர்வீட்டு அண்ணனுக்கும் அண்ணிக்கும் எவ்வளவு சொன்னாலும் தகும்.

கிராண்ட் கேன்யன் செல்ல எண்ணியிருக்கும் சேலத்து அன்பர்கள் யாராயினும் எங்களைக் கேட்கலாம். மே மாதத்திலும் விளிம்பில் விடியற்காலை ஏற்காட்டைவிடக் குளிரும், அடிவாரத்திலோ பாலைவன வெயில் கொளுத்தும் என்பதால், என்னென்ன கொண்டுசெல்ல வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதிவைத்திருக்கிறோம். கான்டோர் படங்களை மாணவர்களுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர்கள் சொல்லி அனுப்பினால், பள்ளிக்கே வந்து காட்டவும் விளக்கவும் இருவரும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர்